மரத்துக் குழந்தைக்கு அறுபது வயது

ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் வாரம் நான் ஒரு பட்டியல் போடுவேன். அமெரிக்காவில் கெல்சோ கவுண்டி என்ற எங்கள் சின்ன மாவட்டத்தில் அந்த ஆண்டு எதற்கு எத்தனை வயது ஆகிறது என்ற பட்டியல். இரண்டாயிரத்துப் பதினாலில் நீதிமன்றக் கட்டடத்துக்கு நூற்றிருபத்தைந்து, லூத்தரன் கோவில் இடி விழுந்து எரிந்து தொண்ணூறு, கடைசிப் பயணி ரயில் போய் ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்றை யாரும் கொண்டாட மாட்டார்கள் என்று அதை அடித்துவிட்டேன். எங்கள் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், விளம்பரம் வாங்குபவள், தரை பெருக்குபவள் எல்லாம் நான் ஒருத்திதான். இப்படி ஒரு பட்டியல் இருந்தால் டிசம்பர் வரைக்கும் பக்கம் நிரப்பக் கவலையில்லை.

அந்த வருடப் பட்டியலில் பெரியது ஐம்பத்துநாலு ஜூன் பதின்மூன்றாம் தேதிச் சூறைக்காற்று. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு ஓல்ஸ்டன் ஊருக்கு வடக்கே மூன்று பண்ணைகளைத் துடைத்துக்கொண்டு போனது. ஆறு பேர் செத்தார்கள். ஆனால் அறுபது வருடமாக எங்கள் மக்கள் பேசுவது அந்த ஆறு பேரைப் பற்றி அல்ல. கைக்குழந்தை ஒன்று காற்றில் தூக்கிச் செல்லப்பட்டு, பாப்ளர் மரத்தின் கவட்டையில், போர்வையோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் கிடைத்ததைப் பற்றித்தான்.

அந்தக் குழந்தை லவெர்ன் ஹ்ராபிக்.

லவெர்னைத் தெரியாதவர் கவுண்டியில் கிடையாது. முப்பத்தெட்டு வருடம் கவுண்டியின் மண்சாலைகளைச் சமன் செய்யும் கிரேடர் வண்டி ஓட்டினார். உயரமான, கொஞ்சம் கூன்விழுந்த மனிதர். யார் எதிரே வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார், அதுதான் வணக்கம். பேச்சு குறைவு. ஆனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை, சூறைக்காற்றின் நினைவு நாள் வந்தால், அவரைப் பிடித்து வைக்கோல் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பத்து வயதில் அட்டையில் செய்த மரத்தில் உட்கார்ந்து ஊர்வலம் போனார். இருபதில், முப்பதில், நாற்பதிலும் அதே வண்டி, வேறு வேறு மரம். ஐம்பதாம் வருடம் கவுண்டி வாரியம் ஹ்ராபிக் குடும்பத்தின் பழைய பண்ணைப் பக்கம் ஒரு பாப்ளர் மரத்தடியில் பித்தளைப் பலகை வைத்தது. அதிலிருந்த வாசகம் நான் எழுதியது. அவர் பெயர் இரண்டாவது வரி.

சீட்டாட உட்காரும் முன்னால் ஆட்கள் அதிர்ஷ்டத்துக்காக அவர் தோளைத் தொட்டுவிட்டு உட்காருவார்கள். பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டத்தில் அவரைக் கூப்பிட்டுத்தான் காசு சுண்டச் சொல்வார்கள். அவருக்கு அது கூச்சம்தான். ஆனால் அதை நம்பினார் என்பது எனக்குத் தெரியும். எழுபத்தைந்து ஜனவரியில் பெரிய பனிப்புயல். அப்போது அவருக்கு இருபது வயது, வேலையில் சேர்ந்து ஆறு மாதம். பதினோரு மைல் தள்ளி வோன்ட்ரா வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. மேலதிகாரி "யாரும் வெளியே போகக்கூடாது" என்று சொல்லியிருந்தார். லவெர்ன் கிரேடரை எடுத்துக்கொண்டு போய், ஒன்பது மணி நேரத்தில் அந்தப் பெண்ணை மருத்துவமனையில் சேர்த்தார். எங்கள் பழைய பத்திரிகையில் அவர் சொன்னது இருக்கிறது: "என்னை ஏதோ ஒண்ணுக்காகத்தானே அந்த மரத்துல விட்டு வச்சாங்க."

இனி அந்த வருடம் நடந்தது.

பழைய படங்கள் இருப்பவர்கள் அனுப்புங்கள் என்று மார்ச்சில் பத்திரிகையில் கேட்டிருந்தேன். ஏப்ரலில் ஆரெகான் மாநிலத்திலிருந்து ஒரு கனமான உறை வந்தது. மார்லிஸ் டீக் என்ற பெண்மணி எழுதியிருந்தார். பிறந்த வீட்டுப் பெயர் கேனிக். அவர்களுடைய பண்ணையும் அன்றைக்குப் போன மூன்றில் ஒன்று. ஆகஸ்டிலேயே குடும்பம் ஆரெகானில் இருந்த மாமாவின் ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்விட்டது. கடிதத்தின் நடுவில் இப்படி இருந்தது: "நான்தான் மரத்தில் கிடைத்த குழந்தை. அறுபதாம் ஆண்டுக்கு நேரில் வர ஆசை. உங்கள் ஊரில் யாருக்காவது என்னை நினைவிருக்குமா?"

உறைக்குள் ஒரு படம். தொப்பி போட்ட ஓர் ஆள், கையில் போர்வை சுற்றிய குழந்தை, பின்னால் கவட்டை மரம். படத்தின் பின்பக்கம் பென்சிலில்: "மார்லிஸ். இங்கே கிடைத்தாள். ஜூன் 14."

நான் அந்தப் படத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய பத்திரிகைகளின் கட்டு இருக்கும் பின்னறைக்குப் போனேன். ஐம்பத்துநாலு ஜூன் பதினேழாம் தேதி இதழ். "ஊருக்கு வடக்கே ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை மரத்தில் சிக்கிய நிலையில் உயிரோடு மீட்கப்பட்டது." பெயர் இல்லை. ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. அடுத்த வாரம் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. லவெர்ன் என்ற பெயர் முதல்முதலாக வருவது அறுபத்துநாலில், பத்தாம் ஆண்டு ஊர்வலத்தில். இருபது வருடமாக இந்தப் பட்டியலைப் போடுகிறேன், இதை ஒரு தடவைகூடப் பின்னோக்கிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு லவெர்ன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஆர்டிஸ் அடுப்பிலிருந்து கொலாச்சே ரொட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கசகசா பூரணம் வைத்தது.

"வா ட்வைலா, உட்காரு. சூடா இருக்கு, வாயைப் பொசுக்கிக்காதே" என்றாள்.

லவெர்ன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை மெதுவாகப் படித்தார். பிறகு படத்தை எடுத்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"ரெண்டு குழந்தையா இருந்திருக்குமோ?" என்று நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"ரெண்டு பேரையும் ஒரே மரத்துலயா வைக்கும் காத்து?" என்றாள் ஆர்டிஸ். "அது என்ன, கோழிக்கூடா?"

"அவங்க பொய் சொல்றாங்களோ என்னவோ..."

"பொய் இல்ல" என்றார் லவெர்ன், திரும்பாமல். படத்தைச் சில நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

அன்றைக்குத் தேடப் போனவர்களில் உயிரோடு இருந்தவர் ரூபன் ஷ்லேக் ஒருவர்தான். தொண்ணூற்றிரண்டு வயது. மரத்தில் ஏறியவரே அவர்தான் என்று சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போய்க் கேட்டேன்.

"ஒரு குழந்தைதான். ஏறினேன், எடுத்தேன், கீழ நின்னவன் கையில குடுத்தேன்."

"கீழ நின்னது யாரு தாத்தா?"

"எவனோ ஒருத்தன். மழை. கண்ணே தெரியல. குழந்தை என் சட்டை மேல மூத்திரம் பேஞ்சது, அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

"ஆண் குழந்தையா, பெண் குழந்தையா?"

"போர்வையை அவுத்துப் பார்க்கவா அங்க ஏறினேன்?"

வியாழக்கிழமை மறுபடி போனேன். இந்த முறை இரண்டு குழந்தை என்றார். ஒன்று மரத்தில், ஒன்று தண்ணீர்த் தொட்டியில். தொட்டிக் குழந்தை யாருடையது என்று கேட்டால், "அது குழந்தையா நாய்க்குட்டியா, இப்ப சொல்ல முடியல" என்றார். நான் குறிப்பேட்டை மூடிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை லவெர்ன் தன் வண்டியோடு பத்திரிகை அலுவலக வாசலில் நின்றார். "ஏறு, ஒரு இடம் காட்டணும்."

பித்தளைப் பலகை இருக்கும் மரத்துக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். அதைத் தாண்டி மூன்று மைல் போனார். ஓடை வளையும் இடத்தில், பழைய கேனிக் நிலத்தின் ஓரம் நிறுத்தினார். படத்தை என் கையில் கொடுத்தார்.

"மரத்தைப் பார்க்காதே, மரம் எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். பின்னால மேட்டைப் பாரு. இடது பக்கம் ஒட்டக முதுகு மாதிரி ரெண்டு புடைப்பு தெரியுதா? இப்ப ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ண எண்பத்தொண்ணுல நான்தான் வெட்டினேன், இந்த ரோடு போட. பதினேழு நாள் ஆச்சு."

அவர் நின்ற இடத்துக்கு நானும் போய் நின்றேன். படத்தைத் தூக்கிப் பிடித்தேன். மேடு சரியாகப் பொருந்தியது. மரம் இல்லை, அடிக்கட்டை மட்டும் இருந்தது.

"எங்க வீட்டுல இருந்து இங்க மூணு மைல். அவங்க வீட்டுல இருந்து கால் மைல். அந்தம்மா சொல்றது நிஜம்."

"அதை நீங்க யார்கிட்டயும் சொல்லியிருக்க வேண்டியதில்ல லவெர்ன். வேற யாருக்கும் இந்த மேடு தெரியாது."

"யாருக்கும் தெரியாதுதான். ஆனா எனக்குத் தெரியுதே. நான் என்ன பண்ண?"

வண்டியில் திரும்பும்போது அவர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "அப்ப நான் எங்க இருந்தேன்?" என்னைக் கேட்கவில்லை. சாலையைக் கேட்டதுபோல இருந்தது. எதிரே வந்த பால் வண்டிக்காரர் விரலைத் தூக்கினார். லவெர்ன் பதிலுக்குத் தூக்கவில்லை. அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அவருடைய பெற்றோர் எமிலும் அல்பீனாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம். அம்மாவின் தங்கை லிபி மட்டும் பக்கத்துக் கவுண்டியில் இருந்தார். சூறைக்காற்றின்போது அவருக்குப் பத்தொன்பது வயது. லவெர்ன் அவரிடம் இதுவரை இதைப் பற்றிக் கேட்டதே இல்லையாம். கேட்க வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை, ஊரே சொல்லிக்கொண்டிருந்ததே. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் போனோம். ஆர்டிஸ் ஓட்டினாள், லவெர்ன் ஓட்டும் நிலையில் இல்லை.

லிபி சின்ன உருவம். சமையலறை மேஜையில் காப்பியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். படத்தை நீட்டியதும் கண்ணாடிகூடப் போடவில்லை.

"இத்தனை வருஷம் கழிச்சு வந்து கேக்குறியாடா?"

"சித்தி, நான் அந்த மரத்துல இருந்தேனா இல்லையா?"

"நீ என் மடியில இருந்த."

லிபி தொடர்ந்தார். "அன்னிக்குக் காலைல எங்க ஊர்க் கோவில்ல உனக்கு ஞானஸ்நானம். ஏழு வாரக் குழந்தை. மதியச் சாப்பாடு முடிஞ்சதும் வானம் பச்சையாப் போச்சு. குழந்தையை இந்த வானத்துல கூட்டிட்டுப் போகாதே, நாளைக்கு வந்து வாங்கிக்கோன்னு எங்கப்பா சொன்னாரு. மாடு கறக்கணும்னு உங்கப்பனும் அம்மாவும் மட்டும் போனாங்க. வீடு போச்சு. அவங்க கிழங்கு போடுற குழிக்குள்ள கிடந்து தப்பிச்சாங்க. மறுநாள் வந்து உன்னைத் தூக்கிட்டு உங்கம்மா அழுத அழுகை! நீ பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்த."

"அப்ப ஊர்வலம்? அட்டை மரம்?"

லிபி காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "கேனிக் குடும்பம் போயிருச்சு. பத்து வருஷம் கழிச்சு விழாக் கமிட்டிக்காரங்க அந்தக் குழந்தை யாருன்னு தேடினாங்க. உங்க வீட்டுலயும் அப்ப ஒரு கைக்குழந்தை இருந்துச்சேன்னு யாரோ சொல்லி, உங்கப்பன்கிட்ட வந்து கேட்டாங்க. அவன் ஒண்ணும் சொல்லல. எமில்கிட்ட அதுவரைக்கும் யாரும் வந்து எதுவும் கேட்டதில்லடா. வாடகை நிலத்துல உழுதுட்டு இருந்தவன். கேட்டாங்க, இவன் தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்னான். அடுத்த வாரம் போட்டோ எடுக்க ஆள் வந்துட்டான்."

"அம்மா?"

"அம்மா வந்து என்கிட்ட அழுதா. நான் போய்ச் சொல்லிடுறேன்னு கிளம்பினேன். வேண்டாம் லிபி, பையன் ரொம்ப சந்தோஷமா இருக்கான், ஸ்கூல்ல எல்லாரும் அவனோட பேசுறாங்கன்னா. அப்புறம் நாள் ஓடிப்போச்சு. நாள் ஓடினதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

கோவில் பதிவேட்டையும் போய்ப் பார்த்தோம். ஜூன் பதின்மூன்று, லவெர்ன் எமில் ஹ்ராபிக் என்று நீல மையில் எழுதியிருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் சந்தேகம் தீர்ந்தும் அவர் முகம் தெளியவில்லை, இன்னும் கலங்கிவிட்டது. திரும்பும் வழியில் பின்னிருக்கையிலிருந்து கேட்டார்:

"ஆர்டிஸ், அப்ப எழுபத்தஞ்சுல நான் எதுக்கு அந்தப் பனியில போனேன்?"

"வேற எவனுக்கும் அந்த வண்டியைப் பனியில ஓட்டத் தெரியாது. அதனால போன."

"இல்ல, எனக்கு அப்ப ஆறு மாசந்தான் ஆகியிருந்துச்சு. எனக்கும் தெரியாது."



மார்லிஸ் ஜூன் பதினொன்றாம் தேதி வந்து இறங்கினார். வெள்ளைத் தலைமுடியைக் குட்டையாக வெட்டிய, சத்தமாகச் சிரிக்கும் பெண்மணி. ஆரெகானில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நான் எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதியிருந்தேன். லவெர்ன் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், ஏதோ திருடிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வந்தவர்போல.

"மன்னிச்சுக்கணும். உங்களோடதை நான் அம்பது வருஷமா வச்சிருந்துட்டேன்."

மார்லிஸ் சிரித்துவிட்டார். "அட, வச்சுக்கோங்களேன்! எங்க ஊர்ல இதை யாரும் நம்பலை. எங்க வீட்டுக்காரரே கடைசி வரைக்கும் நம்பலை. ஊர்வலம் எல்லாம் வச்சாங்களா உங்களுக்கு? எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

லவெர்ன் யோசித்தார். "அட்டை மரம் குத்தும்" என்றார்.

அன்று பிற்பகல் லவெர்ன் மார்லிஸை அந்த அடிக்கட்டைக்குக் கூட்டிப்போனார். நான் போகவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். மார்லிஸ் கண் சிவந்திருந்தது, கையில் ஒரு மரப்பட்டைத் துண்டு.

சனிக்கிழமை விழா. பூங்காவில் எழுநூறு பேர் இருப்பார்கள். வைக்கோல் வண்டி தயாராக நின்றது. லவெர்ன் மார்லிஸைக் கைகொடுத்து ஏற்றிவிட்டார், தான் ஏறவில்லை. மைக்கைக் கேட்டு வாங்கினார். அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"இவங்கதான் மரத்துல கிடைச்ச குழந்தை. பேரு மார்லிஸ். நான் இல்ல. நான் அன்னிக்கு எங்க சித்தி வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்."

யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள், நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். விழாத் தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டு, "ரெண்டு அதிசயம்! நம்ம கவுண்டிக்கு ரெண்டு மரத்துக் குழந்தை!" என்றார். நாலு பேர் சேர்ந்து லவெர்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்துவிட்டார்கள். "ஒண்ணுதான்யா, ஒண்ணுதான்" என்று அவர் சொல்லிக்கொண்டே போனது ஊர்வலத்தின் பக்கத்தில் நடந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. வாத்தியக் குழு அந்த அளவுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

அடுத்த இதழில் நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் அவரிடம் காட்டினேன். எமில் தலைகுனிந்து நின்ற வரியில் விரலை வைத்து நிறுத்தினார். எடுத்துவிடட்டுமா என்றேன்.

"வேண்டாம். இருக்கட்டும். எங்கப்பாவைப் பத்தி உன் பேப்பர்ல வேற எதுவும் வந்ததில்ல."

எட்டுப் பேர் பத்திரிகையை நிறுத்தினார்கள். ஒருவர் நேரில் வந்து, "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? அவரு வயசான காலத்துல ஏதோ குழம்பிப் பேசுறாரு, அதையும் போடுறியே" என்று திட்டிவிட்டுப் போனார். பலகையை மாற்றச் சொல்லி லவெர்ன் கவுண்டி வாரியத்துக்கு மனு கொடுத்தார். தீர விசாரித்தபின் பார்க்கலாம் என்று மூன்று கூட்டம் தள்ளிப்போட்டு, பிறகு அந்த விஷயமே அவர்கள் நிகழ்ச்சி நிரலிலிருந்து காணாமல் போனது. சீட்டாடும் இடத்தில் இன்றும் அவர் தோளைத் தொடுகிறார்கள். முதலில் தட்டிவிட்டுப் பார்த்தார். இப்போது அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். "அவங்க என்னத்தைத் தொடுறாங்கன்னு தெரியல" என்றார் ஒருநாள் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சூறைக்காற்றுச் சங்கு ஊதினால் எங்கள் பக்கம் எல்லோரும் நிலவறைக்கு ஓடுவோம். லவெர்ன் அதுவரை ஒரு தடவைகூட இறங்கியதில்லை. ஆர்டிஸ் தனியாக இறங்குவாள், இவர் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது மறுபடி வராது என்று ஒரு நினைப்பு.

அடுத்த வருடம் மே மாதம், மதியம் மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. ஆர்டிஸ் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே படியில் காலடிச் சத்தம். லவெர்ன் குனிந்து இறங்கி, ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். ஆர்டிஸ் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். உட்கார்ந்தார்.

"இங்க எவ்வளவு நேரம் இருக்கணும்?" என்று கேட்டாராம்.

"எனக்கென்ன தெரியும்? நீ மேல நிக்கிற தைரியத்துல நான் பத்து நிமிஷத்துல ஏறி வந்துடுவேன்."

இருவரும் மேலே பார்த்தார்கள். மேலே யாரும் இல்லை. அன்றைக்கு மாலை ஆறு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள் என்று மறுநாள் கடையில் வைத்து ஆர்டிஸ் என்னிடம் சொன்னாள். காற்று எங்கள் கவுண்டிக்கு வரவே இல்லை.